ஜோஸ்லின் பாடம்

மகளிர் விடுதி
12 ஆகஸ்ட் 2023

அன்புள்ள சாந்தாமேரி அம்மாவுக்கு,

வணக்கம். போன மாதம் நாகலூரில் சர்ச் மைதானத்தில் நடந்த மருத்துவ முகாமில் உங்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்த பெண் நான். பெயர் ஹேமலதா. டாக்டர் படிப்பில் கடைசி வருடம். பட்டையை உங்கள் கையில் சுற்றும்போது உங்கள் மகள் ஜோஸ்லினைப் பற்றிச் சொன்னீர்கள். "எம் புள்ள உசுரு உங்க ஆஸ்பத்திரியிலதாங்க போச்சு" என்றீர்கள். அளவைப் பார்க்காமல் விட்டுவிட்டு மறுபடி சுற்றினேன்.

எங்கள் கல்லூரியில் இந்த வருடம் மாணவர்களும் ஆசிரியர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, இனிமேல் படிக்க வருகிறவர்களுக்கு என்னென்ன சொல்லித்தர வேண்டும் என்று புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆளுக்கு ஒரு பாடம் கொண்டுவரச் சொன்னார்கள். நான் ஜோஸ்லினைப் பற்றி ஆறு வரி எழுதிக்கொண்டுபோனேன். எங்கள் பொன்னுவேல் சார், "ஆறு வரி போதாது. அன்னிக்கு நடந்ததை முழுசா வாங்கிட்டு வா" என்கிறார்.

போனில் இரண்டு தடவை முயன்றேன். ஒரு தடவை லைன் போய்விட்டது. இன்னொரு தடவை நீங்கள் அழுதீர்கள், நானே வைத்துவிட்டேன். எழுத முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், தப்பாக நினைக்க மாட்டேன்.

அன்புடன்
ஹேமலதா


நாகலூர்
27 ஆகஸ்ட் 2023

மதிப்புக்குரிய டாக்டர் அம்மாவுக்கு நாகலூர் சாந்தாமேரி எழுதுவது. சேசுவுக்கே புகழ்.

உங்கள் கடிதம் எஸ்டேட் விலாசத்துக்கு வந்தது. எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஜெயபிரகாஷ் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நாங்கள் வேலை செய்கிற காப்பிக் காட்டுக்கே வந்துவிட்டார். "ஏனுங்கக்கா, காலேஜ் சீல் போட்டு வந்திருக்குதுங்க. எங்க போயி என்ன வம்பு பண்ணி வெச்சீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிரித்துப் படித்த பிறகு கூடையை எடுக்கவில்லை.

நான் கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எழுத்து கோணலாக இருக்கும். போனில் என்றால் அழுகை வந்துவிடுகிறது. எழுதினால் நடுவில் வைத்துவிட்டுப் போய் அடுப்பைப் பார்த்து வரலாம்.

ஜோஸ்லின் டவுனில் துணிக்கடையில் வேலை பார்த்தாள். இருபத்திரண்டு வயது. ஆஸ்பத்திரிக்கு வந்ததற்கு முந்தின நாள் வயிற்று வலி என்று கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டாள். சுக்குத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். துடித்தாள். விடிகிற சமயத்தில் தானாகவே அடங்கியது. "இப்பத் தேவலாம்மா, பஸ்ஸுலயே போயிக்கலாம்" என்றாள். குடல்வால் உள்ளே வெடித்தால் கொஞ்ச நேரம் அப்படி அடங்கும் என்று பிறகு சொன்னார்கள். எங்களுக்கு எப்படித் தெரியும்? மாதாதான் கண் திறந்தாள் என்று நினைத்தோம்.

கீழே ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று குளிக்க வைத்தேன். தலை சீவிப் பின்னல் போட்டேன். ஈஸ்டருக்கு எடுத்த சுடிதாரைப் போட்டாள். முகத்துக்குப் பவுடர் அவளே போட்டுக்கொண்டாள். மலையிலிருந்து இறங்கினால் நாங்கள் எல்லோருமே அப்படித்தான் போவோம்.

உங்கள் ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். ஒரு சின்ன டாக்டர் வந்தார். அவர் வந்ததும் ஜோஸ்லின் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். அதுவும் எங்கள் பழக்கம். பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் வந்தால் எழுந்திருப்போம், எஸ்டேட்டில் மேனேஜர் ஜீப் வந்தால் கூடையை இறக்கிவிட்டு நிற்போம்.

"வலி எப்பிடிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"பரவால்லீங்க சார்."

"நடந்தா வந்தீங்க?"

"ஆமாங்க சார்."

"அப்பச் சரி, வெளிய உக்காருங்க. கூப்புடுறோம்."

வெளியே உட்கார்ந்தோம். தரையில் உருண்டு கத்தியவர்களை உள்ளே எடுத்தார்கள். அது நியாயம்தான் என்று நானும் நினைத்தேன். மத்தியானம் ஜோஸ்லின் என் தோளில் சாய்ந்தாள். தூங்குகிறாள் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த அம்மாதான், "ஏனுங்க, புள்ள நெறம் மாறியிருக்குதே" என்றது. அப்புறம் ஓடினார்கள், கிழித்தார்கள், தைத்தார்கள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

அந்தச் சின்ன டாக்டர் தம்பி கெட்டவன் இல்லை. பிறகு வந்து சுவரோரமாக நின்றான்.

பாடம் எழுதுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அதில் அவள் பேர் இருக்கட்டும். ஒரு பொண்ணு வந்தாள், ஒரு பொண்ணு செத்தாள் என்று எழுதாதீர்கள். ஜோஸ்லின் என்று எழுதுங்கள். படிக்கிற பிள்ளைகள் அந்தப் பேரை வாயால் சொல்லட்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

இப்படிக்கு
சாந்தாமேரி


மகளிர் விடுதி
30 செப்டம்பர் 2023

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் நானே வாசித்தேன். பாதியில் முடியாமல் பொன்னுவேல் சார் வாங்கி மீதியை வாசித்தார். அப்புறம் ஒரே சண்டை. ஒரு மேடம், "இதுல டாக்டருக்கு என்ன பாடம் இருக்கு? அலங்காரம் பண்ணிட்டு வராதீங்கன்னு ஜனங்களுக்குத்தான் சொல்லணும்" என்றார். என் வகுப்பு மாதேஷ் எழுந்து, "அப்ப நோயாளிங்களுக்கே ஒரு பரீட்சை வெச்சிரலாமா மேடம்?" என்று கேட்டுவிட்டான். அவனை வெளியே அனுப்பவில்லை. மாணவர்களும் ஆசிரியர்களும் சமமாக உட்கார வேண்டும் என்பது இந்தக் குழுவின் விதி. மேடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பெயர்தான் சிக்கல். நோயாளியின் பெயரைப் பாடத்தில் போடக்கூடாது என்று இன்னொரு விதி இருக்கிறது. நான் விடப்போவதில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். உடம்பு முடியாதபோதும் ஏன் குளிப்பாட்டி, பின்னல் போட்டு அழைத்துவருகிறீர்கள்? மேடத்துக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அன்புடன்
ஹேமலதா


நாகலூர்
22 அக்டோபர் 2023

அன்புள்ள ஹேமலதா கண்ணுக்கு, சாந்தாம்மா எழுதுவது.

கோபம் எதற்கு? கேட்டதே பெரிய விஷயம்.

ஜோஸ்லின் கைப்பிள்ளையாக இருக்கும்போது அவள் அப்பா சிங்கராயருக்குக் காலில் மரம் விழுந்தது. காப்பிக்கு நிழல் தருகிற சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்கிற நேரம். அப்படியே தூக்கி எஸ்டேட் வண்டியில் போட்டுக் கீழே ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர் மேலெல்லாம் மண், அட்டை கடித்த ரத்தம். என் சேலையில் சாணி. வாசலில் இருந்த ஆள், "குடிச்சிட்டு உழுந்த கேஸா? அந்தப் பக்கம் ஓரமா போடு" என்றான். அவர் சாராயமே தொடாதவர். சாயங்காலம் வரைக்கும் ஓரமாகவே போட்டிருந்தார்கள். அவருக்கு இன்னும் கால் சரியில்லை. அதிலிருந்து இறங்குகிறபோது சுத்தமாகத்தான் இறங்குவோம். மனுசனாகத் தெரிந்தால்தானே கண்ணு வைத்தியம் பார்ப்பார்கள் என்று அப்படிப் போனோம். சுத்தமாகப் போனதால் நோயாளியாகத் தெரியவில்லை. இனி எப்படிப் போவது என்று அந்த மேடத்தையே கேட்டு எழுது.

இங்கே எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. தலைச்சோலையிலிருந்து எங்களோடு காப்பி பறிக்க வருகிற பாவாயி அக்கா, "சாந்தா, உம் புள்ளய வெச்சு டாக்டருக்குப் பாடமாம்ல. பாஸாவாத டாக்டரையெல்லாம் உங்கூட்டு வாசல்ல வந்து முட்டி போடச் சொல்லு" என்கிறாள். அவளுக்கு எல்லாமே விளையாட்டு. சிங்கராயர்தான், "எழுதி என்னத்தக் கிழிக்கப்போற, போன புள்ள வரவா போறா" என்கிறார். ஆனால் தபால் பெட்டியில் போடுவது அவர்தான். நொண்டிக்கொண்டே போய்ப் போட்டு வருகிறார்.

பேரை விட்டுவிடாதே சாமி. அவள் துணிகளைக்கூட எல்லோரும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பேர் ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது.

பஸ் கண்டக்டரிடம் கொஞ்சம் காப்பித்தூள் கொடுத்துவிடுகிறேன். சிக்கரி கலக்காதது. உன் விடுதியில் பால் நன்றாக இருக்குமா?

சாந்தாம்மா


மகளிர் விடுதி
9 ஜனவரி 2024

சாந்தாம்மா,

கிடைத்துவிட்டது! பொன்னுவேல் சார் போய்ப் பேசி, பெற்ற தாய் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி வாங்கிவிட்டார். பாடத்தின் தலைப்பே "ஜோஸ்லின் பாடம்." உங்கள் கணவர் காலுக்கு நடந்ததையும் அதில் சேர்த்திருக்கிறோம். அதை வாசித்து முடித்ததும் மேடமே, "முதல்ல அதை வைங்க, பிறகு ஜோஸ்லினை வைங்க" என்றார்.

இதைப் புத்தகத்தில் மட்டும் வைக்கப்போவதில்லை. பரீட்சையில் வெண்ணிலா என்கிற அக்கா நோயாளியாக நடிப்பார். தெருநாடகம் போடுகிறவர். நன்றாக உடுத்தி, மாணவர் உள்ளே வந்ததும் எழுந்து நிற்பார், பரவாயில்லை என்பார். அதை நம்பி வெளியே அனுப்பினால் மதிப்பெண் போய்விடும். உட்கார வைத்து, படுக்க வைத்து, திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்.

ஜோஸ்லின் எப்படி நின்றாள் என்று வெண்ணிலா அக்காவுக்குக் காட்ட நீங்கள் வர முடியுமா? மனசு தாங்காது என்றால் வேண்டாம்.

காப்பி தீர்ந்துவிட்டது. என் அறைக்கு இப்போது கூட்டம் அதிகம்.

உங்கள் ஹேமா


நாகலூர்
3 மார்ச் 2024

ஹேமா கண்ணு,

வீடு வந்து சேர்ந்தோம். குப்பனூர் வழியாகச் சுற்றி வருகிற பஸ்ஸில் வந்ததால் சிங்கராயருக்குக் கால் வீங்கிவிட்டது, இப்போது பரவாயில்லை.

அங்கே உன்னிடம் நான் ஒன்றும் பேசவில்லை. பேசினால் உடைந்துவிடுவேன் என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது எழுதுகிறேன்.

அந்த வெண்ணிலா நல்ல பொண்ணு. "அக்கா, இப்பிடி நின்னா போதுங்களா?" என்றது. இல்லை சாமி, கையை வயிற்றில் வைக்காதே, அவள் வைக்கவில்லை, துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்றேன். அது பிடித்தது. நான் திரும்பிக்கொண்டேன். அவர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எங்களை உட்கார வைத்தாய். மணி அடிக்க அடிக்க ஒவ்வொரு பிள்ளையாக வந்தது. "உக்காருங்கம்மா, எந்திரிக்காதீங்க." "நெசமாச் சொல்லுங்க, நேத்து எப்பிடி இருந்துச்சு?" ஒரு பையன் நடுங்கிக்கொண்டே கேட்டான். ஒரு பொண்ணு வெண்ணிலாவின் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டது. ஒருத்தன் மட்டும் வெளியே உட்காரச் சொன்னான், பிறகு கதவு வரைக்கும் போய்த் திரும்பி ஓடிவந்தான். சிங்கராயர் என் கையை நசுக்கிவிட்டார்.

மத்தியானம் வெண்ணிலா எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து டீ குடித்தது. "அத்தன பேரும் வவுத்த அமுக்கிட்டாங்கக்கா. இல்லாத வலி இப்ப நெசமாவே வலிக்குது, என்னய எந்த டாக்டருகிட்டக் காட்டறது?" என்றது. அவர் சிரித்தார் கண்ணு. ஜோஸ்லின் போனதிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

பஸ்ஸில் வருகிறபோது, "அத்தன பேருகிட்டயும் பொழச்சிட்டாளே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பாதி மலை வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

நீ டாக்டராகி வெளியே வந்தால் எப்படி இருப்பாய் என்று எனக்குத் தெரியும். மாதா உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். கிறிஸ்துமஸுக்கு ஒரு நாளாவது மேலே வா. எங்கள் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டால் உன் ஒட்டின கன்னம் கொஞ்சம் தேறும்.

சாந்தாம்மா


மருத்துவர் விடுதி
18 ஆகஸ்ட் 2024

சாந்தாம்மா,

பாஸாகிவிட்டேன். இப்போது நம் ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி டாக்டர். பதில் எழுத இவ்வளவு நாளானதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். டியூட்டி முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றாமல் அப்படியே விழுந்துவிடுகிறேன்.

ஜோஸ்லின் பாடத்தை வேறு இரண்டு கல்லூரிகளிலும் கேட்டிருக்கிறார்கள். இங்கே அதிலிருந்து பன்னிரண்டு கேள்விகள் எடுத்து, கம்ப்யூட்டரிலேயே போட்டுவிட்டார்கள். எந்த நோயாளி வந்தாலும் அதையெல்லாம் கேட்டு முடித்தால்தான் அடுத்த பக்கத்துக்குப் போகும். யாரும் தப்ப முடியாது. உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன்.

கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வருகிறேன்.

ஹேமா


நாகலூர்
29 டிசம்பர் 2024

ஹேமா கண்ணு,

இருபத்தைந்தாம் தேதி நீ வருவாய் என்று பஸ் ஸ்டாண்டில் சிங்கராயர் நின்றார். லீவு கிடைத்திருக்காது என்று நானே அவருக்குச் சொன்னேன். முறுக்கு, அதிரசம் எல்லாம் டப்பாவில் இருக்கிறது.

காப்பி இந்த வருடம் நன்றாகப் பழுத்திருக்கிறது, ஆள்தான் இல்லை. வடக்கிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். அவர்கள் பேசுவது எங்களுக்குப் புரியவில்லை, நாங்கள் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை. பாவாயி அக்கா மட்டும் எப்படியோ சண்டை போட்டுக்கொள்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். இரண்டு வரி எழுது, போதும்.

சாந்தாம்மா


நாகலூர்
16 பிப்ரவரி 2025

மதிப்புக்குரிய டாக்டர் அம்மாவுக்கு,

போன வாரம் நான் உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தேன். உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை.

பாவாயி அக்காவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல், விலாவில் வலி. தலைச்சோலையில் அவள் மகனுக்கு வேலை, வர முடியவில்லை. நான்தான் கூட்டிவந்தேன். உங்களுக்கு எழுதினவள் என்று சொல்லி உள்ளே நுழையக்கூடாது, எல்லோரையும் போலத்தான் போக வேண்டும் என்று நினைத்தேன். நீங்கள் வந்தபோது மனசு பூரித்துவிட்டது. அக்காவிடம் காதில் சொன்னேன், "இதுதான் எங்க ஹேமாக் கண்ணு. இனிக் கவலையில்லீங்க்கா."

அக்கா எழுந்து நின்றாள். "எந்திரிக்காதீங்கம்மா, உக்காருங்க" என்றீர்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். அத்தனையும் அந்தக் கண்ணாடி அறையில் நான் காதால் கேட்ட கேள்விகள். வரிசைகூட மாறவில்லை. கேட்டுவிட்டுத் தலை நிமிராமல் கம்ப்யூட்டரில் தட்டினீர்கள், கேட்டுவிட்டுத் தட்டினீர்கள். அக்காவுக்கு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் நேரமாகும். கூச்சம். "ஒண்ணுக்குப் போனா ரத்தமாட்டம் வருதுங்க" என்று அவள் வாயைத் திறக்கும்போது நீங்கள் அடுத்த கேள்வியில் இருந்தீர்கள். அவள் மறுபடி சொன்னாள். நீங்கள் "சரிம்மா, சரிம்மா" என்றீர்கள். மாத்திரை எழுதி, வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டீர்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். என் கை உங்கள் மேசை மேல்தான் இருந்தது.

கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பீர்கள், ஓடி ஓடிச் செய்வீர்கள், எனக்குத் தெரியும். எனக்காகச் செய்வீர்கள். மற்றவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

வெளியே அக்கா குளிரில் நடுங்க ஆரம்பித்தாள். நான் தரையில் உட்கார்ந்து கத்தினேன். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு, வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கத்தினேன். ஜோஸ்லின் செத்தபோதுகூட நான் அப்படிக் கத்தவில்லை. அப்போது ஆஸ்பத்திரி என்று சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். இப்போது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஆட்கள் ஓடிவந்தார்கள். வேறு ஒரு டாக்டர் பார்த்தார், உடனே படுக்கை கொடுத்தார்கள். சிறுநீரகத்தில் சீழாம். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் ரத்தத்தில் கலந்திருக்குமாம்.

பிழைத்துக்கொண்டாள். பயப்படாதீர்கள். மூன்றாம் நாளே நர்சம்மாவிடம் கஞ்சியில் உப்பு இல்லை என்று சண்டை போட்டாள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சத்தியமாக இல்லை. உங்கள் கண் உள்ளே போயிருந்தது. நிற்கும்போதே கால் மாற்றிக் கால் நின்றீர்கள். உங்களுக்குப் பின்னால் எத்தனை பேர் நின்றார்கள் என்று நானும் பார்த்தேன். அன்றைக்கு ஜோஸ்லினைப் பார்த்த அந்தத் தம்பிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அவனுக்குக் கேள்வி தெரியாது என்று நான் நினைத்தேன். கேள்வி தெரிந்திருந்தால் என் மகள் பிழைத்திருப்பாள் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில்தான் எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

சிங்கராயரிடம் இதைச் சொல்லவில்லை. ஹேமாவைப் பார்த்தாயா என்று கேட்டார். டியூட்டியில் இல்லை என்று சொன்னேன்.

எஸ்டேட் லைன் வீடுகளில் எல்லோருக்கும் ஒன்று சொல்லிவிட்டேன். கீழே போனால் எழுந்து நிற்காதீர்கள், பரவாயில்லை என்று சொல்லாதீர்கள், விழுந்து கத்துங்கள். எல்லோரும் கத்த ஆரம்பித்தால் பிறகு அதையும் கேட்க மாட்டார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு உதவி. அந்தப் பாடத்திலிருந்து என் மகள் பேரை எடுத்துவிடுங்கள். பாடம் இருக்கட்டும், நல்ல பாடம்தான், நீங்கள் எல்லோரும் கஷ்டப்பட்டு எழுதினீர்கள். பேர் மட்டும் வேண்டாம். அந்தக் கேள்விகளை யாரோ தட்டித் தட்டிப் போகும்போதெல்லாம் அவளை மறுபடி வெளியே உட்கார வைப்பதுபோல இருக்கிறது. வீட்டில் நானும் அவள் அப்பாவும் கூப்பிட்டுக்கொள்கிறோம், போதும். நான் போட்ட கையெழுத்து செல்லாது என்று பொன்னுவேல் சாரிடம் சொல்லிவிடுங்கள். வேறு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றால் ரைட்டரிடம் அனுப்புங்கள், போட்டுக்கொடுக்கிறேன்.

இதற்குப் பதில் எழுத உட்காராதீர்கள். அந்த நேரத்துக்குத் தூங்குங்கள்.

இப்படிக்கு
ஜோஸ்லினின் அம்மா
சாந்தாமேரி